சீரம், பேன் மருந்து, துபாய் கிரீம்: மருந்துக்கடை அக்காவிடம் கேள்வி பதில்

உச்சிப்புளி: அக்கா, எனக்கு அஞ்சு மாசம். முடிக்குப் போடும் சீரத்தில் டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் என்று போட்டிருக்கிறது. இரண்டும் சிலிகானாம். பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

ஆகாதும்மா. டைமெத்திகோன் மூலக்கூறு நீளச் சங்கிலி. சூடை மீன் பிடிக்கும் வலையின் சின்னக் கண்ணில் ஆவுளியா, அந்தப் பெரிய கடல்பசு, நுழையுமா? அதுபோலத்தான், தோலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது, மேலேயே படிந்து கிடந்து குளிக்கும்போது போய்விடும். இன்னொன்று சொல்கிறேன். பச்சைப்பிள்ளைக்கு வயிறு உப்பினால் டாக்டர் எழுதும் சொட்டு மருந்தில் சிமெத்திகோன் இருக்கும். டைமெத்திகோனோடு சிலிகா சேர்ந்ததுதான் அது. கர்ப்பிணிகளுக்கு வாயுத் தொல்லைக்குக் கொடுப்பதும் அதையே. விழுங்கினாலே குடல் ஏற்காமல் மலத்தோடு போகிற பொருள், முடியில் தடவினால் என்ன செய்யும்?

சைக்ளோபென்டாசிலோக்சேன் சின்ன மூலக்கூறு, வளைய வடிவம். பூசிய கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும், சீரம் பிசுபிசுக்காமல் இருப்பது அதனால்தான். தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. இதே குடும்பத்தில் சைக்ளோடெட்ராசிலோக்சேன் என்று ஒன்று உண்டு. எலிகளை அதிக அளவில் சுவாசிக்க வைத்துப் பார்த்ததில் கருவுறும் திறன் குறைந்தது. ஐரோப்பாவில் அதை அழகுப் பொருட்களில் சேர்க்கவே கூடாது. அந்தப் பெயரோ, எந்த வளையம் என்று பிரித்துச் சொல்லாத 'சைக்ளோமெத்திகோன்' என்ற பெயரோ இருந்தால் வேறு பாட்டில் வாங்கிக்கொள். உன்னுடையதைத் தாராளமாகப் போடலாம். லேபிள் இல்லாத டப்பாவை மட்டும் தொடாதே.

தொண்டி: ஏழு மாசம். பெரியவள் பள்ளியிலிருந்து பேன் கொண்டுவந்து என் தலையிலும் ஏறிவிட்டது. மருந்து போடலாமா?

போடலாம். இங்கே சிலிகான் உனக்கு உதவிக்கு வருகிறது. 4 சதவீத டைமெத்திகோன் லோஷன் என்று கேட்டுப் பார். அது பேனின் நரம்பைத் தாக்கும் விஷம் இல்லை, மேலே படலமாக மூடியே கொன்றுவிடும். பிரிட்டனில் கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். ராத்திரி காய்ந்த முடியில் வேர் முதல் நுனி வரை பூசி, காலையில் அலசு. ஏழு நாள் கழித்து மறுபடி ஒரு தடவை. பூசிய தலையோடு அடுப்பங்கரைக்குப் போகாதே, சாம்பிராணி போடாதே. இந்த லோஷன் சீக்கிரம் தீப்பிடிக்கும். லோஷன் கிடைக்காவிட்டால் ஈர முடியில் பேன் சீப்பு. நேரம் பிடிக்கும், ஆனால் வேலை செய்யும்.

ரெகுநாதபுரம்: ஷாம்பூவில் 'டைமெத்திகோனால்' என்று இன்னொரு சிலிகான் இருக்கிறதே?

உச்சிப்புளிக்குச் சொன்னதுதான்.

தேவிபட்டினம்: பால் கொடுக்கிறேன். மார்பில் சிலிகான் கிரீம் தடவலாமா?

டைமெத்திகோன் பாலில் கலக்காது. ஆனாலும் காம்பிலும் அதைச் சுற்றியும் எந்த கிரீமும் வேண்டாம், பிள்ளை வாய் வைக்கிற இடம். வெடிப்பு இருந்தால் மட்டும் சுத்திகரித்த லனோலின் (ஆட்டு ரோமத்து மெழுகு), இல்லாவிட்டால் உன் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காயவிடு. பிள்ளை வாய் நிறையப் பிடிக்கிறதா என்று நர்ஸிடம் காட்டு. சரியாகப் பிடிக்காததால்தான் பாதி வெடிப்பு வருகிறது.

பெரியபட்டினம்: அக்கா, நீங்கள் கம்பெனிக்காரன் மாதிரிப் பேசுகிறீர்கள். சிலிகான் பிளாஸ்டிக். தோலை மூச்சுவிட விடாது. ஐரோப்பாவில் தடை. தேங்காய் எண்ணெய் போதாதா?

போதும் தம்பி, எண்ணெயை யார் வேண்டாம் என்றது? மூச்சு விடுவது நுரையீரல், தோல் இல்லை. வியர்வை ஆவியாகப் போவதைச் சொல்கிறாய் என்றால், பெட்ரோலியம் ஜெல்லியைவிட சிலிகான் அதிகமாகவே விடும். ஐரோப்பாவில் 2020 முதல் கழுவி விடும் பொருட்களில் இரண்டு வகை வளைய சிலிகானுக்கு 0.1 சதவீத வரம்பு வைத்தார்கள். பூசிவிட்டு அப்படியே விடும் பொருட்களுக்கு 2027 ஜூனிலிருந்து. இந்த வரம்புக்குக் காரணம் தண்ணீரிலும் சேற்றிலும் அழியாமல் தங்கி மீன் உடம்பில் சேர்வது. மன்னார் வளைகுடாவை நினைத்து நீ சண்டை போட்டால் நானும் உன் பக்கம். கர்ப்பிணியைப் பயமுறுத்தாதே.

பெரியபட்டினம்: கடலுக்கு ஆகாதது கர்ப்பப்பைக்கு மட்டும் ஆகுமா?

ஆகலாம். எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. சோப்பு நுரையும் மீனுக்கு ஆகாது, நீ தினமும் குளிக்கத்தானே செய்கிறாய்.

கீழக்கரை: சண்டைக்கு நடுவில் ஒன்று. மாப்பிள்ளை துபாயிலிருந்து வெள்ளையாகும் கிரீம் அனுப்பினார். 'சிலிகான் இல்லை' என்று போட்டிருக்கிறது, அப்போ நல்லதுதானே? பத்தே நாளில் முகம் வெளுத்துவிட்டது. ஆறு மாசம்.

இன்றைக்கே நிறுத்தும்மா. தம்பி, நீயும் படி.

அவ்வளவு வேகமாக வெளுத்தால் எனக்கு முதல் சந்தேகம் பாதரசம், அடுத்தது ஸ்டீராய்டு. தோலில் நிறமி உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். தோல் வழியாக ஏறும், நஞ்சுக்கொடியைத் தாண்டும், பாலிலும் வரும். உன் கன்னத்திலும் துண்டிலும் இருப்பது வீட்டுப் பிள்ளைகள் மேலும் ஒட்டும். 2020 அழகுப் பொருள் விதிகளின்படி நம் நாட்டில் முகக் கிரீமில் இதை வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. மலப்புரத்தில் 2023-இல் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் சிறுநீரகக் கோளாறோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

பெட்டியைத் திருப்பிப் பார். கலோமெல், மெர்குரிக், அமோனியேட்டட் மெர்குரி என்று பாதரசத்தின் வேறு பெயர்கள் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் 'தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது' என்று மட்டும் இருந்தாலும் பாதரசம் என்றே சந்தேகப்படு. முகத்துக்குப் போடும் கிரீம் நகையைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்? டப்பாவைப் பையில் கட்டி செக்கப்புக்குக் கொண்டு போ. சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல், பாதரசப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேள். சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதே.

ஏர்வாடி: என் மச்சியும் அதே மாதிரி வைத்திருக்கிறாள்.

அவளுக்கும் அதே பதில்.

பெரியபட்டினம்: சரி அக்கா, இதில் நான் உங்கள் பக்கம்.

சின்னப்பாலம்: பாசி எடுக்கக் கடலில் நிற்கிறோம். மூன்றாம் மாசத்திலிருந்து கன்னத்தில் மங்கு.

கர்ப்ப ஹார்மோனும் வெயிலும் சேர்ந்து வருவது. துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீன் போடு. டைமெத்திகோன் சேர்ந்ததாக இருந்தால் உப்புத்தண்ணீரில் சீக்கிரம் கரையாது. துணியை முகத்தோடு சேர்த்துக் கட்டு. மங்குக்கென்று ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த டியூபைச் சீட்டில்லாமல் யாராவது நீட்டினால் வாங்காதே. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே மங்கும்.

தங்கச்சிமடம்: நைட் கிரீமில் டைமெத்திகோன்...

அடுத்த வரியைப் படித்தாயா? நீ அனுப்பிய படத்தில் ரெட்டினால் என்று இருக்கிறது, கர்ப்பத்தில் வேண்டாம் என்கிற வைட்டமின் ஏ வகை. அதற்காக எடுத்து வை, டைமெத்திகோனுக்காக இல்லை.

பாம்பன்: என் டப்பாவில் எல்லாம் அரபியில். என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

தெரியும்வரை பூசாதே. பெட்டியோடு கடைக்குக் கொண்டு வா, அரபி படிக்கத் தெரிந்தவர் பக்கத்துக் கடையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வராதே, இருவருமே பூட்டியிருப்போம்.