செட்டிநாட்டு வீட்டில் கரண்ட் பில் எகிறினால் என்ன செய்வது?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடு, பில் எகிறுகிறது, எந்தக் கட்டணத் திட்டத்துக்கு மாறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு இணைப்புக்கு அப்படித் தேர்ந்தெடுக்க வழியில்லை; பயன்பாட்டை வைத்துத்தான் கட்டணம்.

கவனிக்க வேண்டியது 500 யூனிட் எல்லை. 2022 செப்டம்பரில் வந்த முறைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 ஆனால் 2,030. எல்லையைத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரையிலான மலிவு விலை பறிபோய்விடும். பிறகு விலை கூடினாலும் இந்தத் தாவல் மாறவில்லை. அநியாயம்தான்!

அதனால் கணக்கெடுத்த நாளைக் குறித்துவைத்து, மாதம் முடிந்ததும் மீட்டரைப் பாருங்கள். அந்த ஒரு மாதப் பயன்பாடு 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் ஏசியைக் குறையுங்கள். வளவு, பட்டாசாலை போன்ற கூடங்களில் நாள் முழுக்க ஓடும் பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனும் மின்சிக்கன ஃபேனுக்கு 30 வாட்டை ஒட்டித்தான். முதலில் பழைய ஃபேன்களை மாற்றுங்கள்.