போரில் மழைத் தண்ணீரை விட்டால் உப்பு போய்விடுமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். போர் (ஆழ்துளைக் கிணறு) 720 அடி, தண்ணீரில் கரைந்த உப்பு 2,900 டிடிஎஸ். மழைத் தண்ணீரை நேராகப் போருக்குள் இறக்கினால் ஒரே பருவத்தில் உப்புத் தண்ணீரைத் தள்ளிவிடும் என்கிறார் ஒரு ஏஜென்ட். எண்ணெய்க் கிணறுகளில் தண்ணீரை விட்டு எண்ணெயைத் தள்ளுவதும் இதே முறைதானாம். 85,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எண்ணெய் வயல்களில் தண்ணீர் விடுவது உண்மைதான். மும்பைக் கடலிலுள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் 1980-களிலிருந்தே விடுகிறார்கள். அந்த உண்மையில் பாதியை மட்டும் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

அங்கே தண்ணீர் இறங்குவது ஒரு கிணற்றில், எண்ணெய் ஏறுவது வேறொரு கிணற்றில். இரண்டுக்கும் நடுவிலுள்ள பாறைதான் கழுவப்படும். உங்களிடம் இருப்பது ஒரே போர். விட்ட தண்ணீர் கொஞ்ச தூரம் போகும். மோட்டார் போட்டதும் போன வழியே திரும்பும், அது தள்ளிய உப்பும் பின்னாலேயே வரும்.

இரண்டு கிணறு இருந்தாலும், சைக்கிள் பம்பின் வாஷர் காற்றைத் தள்ளுகிற மாதிரி தண்ணீர் எண்ணெயைத் தள்ளுவதில்லை. தண்ணீர் இளக்கம், எண்ணெய் கெட்டி. இளக்கமானது எங்கே வழி சுலபமோ அங்கே விரல் விரலாக ஊடுருவி மறுபக்கக் கிணற்றைத் தொட்டுவிடும். அதன்பிறகு அங்கே வருவதில் தண்ணீரே கூடிக்கொண்டு போகும். நுண்ணிய துளைகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சிக்கி நிற்கும். பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேல் எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது. இத்தனைக்கும் நல்ல மணற்பாறையில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை துளை.

உங்கள் ஊர்க் கல் நைஸ், சார்னோகைட் எனப்படும் கடினப் பாறை வகை. மேலே மக்கிய பாறையைத் தாண்டினால், இறுகிய கல்லில் துளை ஒரு பங்குகூட இராது. தண்ணீர் இருப்பது போர்க்காரர்கள் கேப் என்று சொல்லும் வெடிப்புகளில். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே இளக்கம், அதனால் விரல் தொல்லை இங்கே பெரிதில்லை. ஆனால் விடுகிற தண்ணீர் அகலமான கேப்பில்தான் ஓடும், குறுகிய கேப்புகளில் உப்பு அப்படியே நிற்கும். மோட்டார் ஓட ஓட அது மெல்லக் கசிந்து வந்துகொண்டே இருக்கும்.

அளவையும் பாருங்கள். மூன்று ஏக்கரில் 600 மி.மீ. மழை பெய்து, பத்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் சுமார் 7.3 லட்சம் லிட்டர். 210 தென்னைக்குத் தினம் 70 லிட்டர் வைத்தால் ஐம்பது நாளுக்குக்கூட வராது.

ஏஜென்ட் காட்டப்போகும் சோதனையில்தான் ஏமாறுகிறார்கள். ஆறரை இஞ்ச் போரில் அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 470 அடி நின்றால் மூவாயிரம் லிட்டருக்கு மேல். மழை முடிந்த மறுநாள் மோட்டாரைப் போட்டு, பத்தாவது நிமிஷத்தில் மீட்டரை நனைத்து 600 என்று காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்வார். அது போரில் நின்ற மழைத் தண்ணீர். நிமிஷத்துக்கு 60 லிட்டர் இறைக்கும் மோட்டார் என்றால் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, பிறகு மீட்டரை வையுங்கள். இன்னொன்று, எண்ணெய் வயலில்கூட விடும் தண்ணீரை நுணுக்கமாக வடிகட்டித்தான் விடுகிறார்கள். தோட்டத்தில் ஓடிவரும் செம்மண் தண்ணீரை நேராகப் போரில் விட்டால் கேப்புகள் சேறடைத்துப் போகும், மாட்டுச் சாணமும் உரமும் அடியாழத்துக்குப் போகும். போன சேற்றை வெளியே எடுப்பது லேசான காரியமில்லை.

ஒரே ஒரு இடத்தில் விஷயம் வேறு. உப்பு மேலே மக்கிய பாறையிலிருந்து, போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கியிருக்கும் கேசிங் பைப்பின் அடிவழியாகக் கசிந்து இறங்கினால் அதை அடைக்கலாம். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்திவையுங்கள். விடியற்காலையில் போர் வாயில் காதை வைத்துக் கேளுங்கள், சொட்டுச் சத்தம் வருகிறதா என்று. பிறகு மோட்டாரைப் போட்டு 5, 30, 60, 120-ஆம் நிமிஷங்களில் டிடிஎஸ் எழுதுங்கள். அதிகத்தில் தொடங்கி நன்றாக இறங்கி நின்றால் கசிவு மேலே. ஏறினாலோ மாறாமல் நின்றாலோ உப்பு ஆழத்துக் கேப்பில், அடைத்துப் பயனில்லை. மேல் கசிவு என்று தெரிந்தால் கேமரா இறக்கி எத்தனையாவது அடி என்று பாருங்கள். அதைத் தாண்டி இறுகிய கல் வரை 140 மி.மீ. பிவிசி பைப் இறக்கி, அடியில் பேக்கர் (சந்தை அடைக்கும் வளையம்) வைத்து, பைப்புக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில் சிமென்ட் பால் விட வேண்டும். 100 அடிக்கு ஐந்து மூட்டை, மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். பைப்போடு கட்டி இறக்கிய அரை இஞ்ச் ஹோஸ் வழியாக அடியிலிருந்து மேலே நிரப்பச் சொல்லுங்கள். மேலிருந்து கொட்டினால் நடுவில் அடைத்துக்கொள்ளும், கீழே ஓட்டை அப்படியே நிற்கும். மூன்று நாள் கழித்து மோட்டாரை இறக்கலாம்.

போர் போட்ட அன்றே எத்தனையாவது அடியில் இறுகிய கல், எங்கே கேப் என்று எழுதிக் கொடுத்திருந்தால் கேமராச் செலவே வந்திருக்காது. பெரும்பாலும் ரசீதில் மொத்த அடியும் தொகையும்தான் இருக்கும். 

மழைத் தண்ணீரை வீணாக்க வேண்டாம். பழைய திறந்த கிணறு இருந்தால், முன்னால் ஒரு வண்டல் குழி வெட்டி, தெளிந்த தண்ணீரை அதில் விடுங்கள். உப்பைத் தள்ளாது, மேல் ஊற்றின் உப்புக் கரிப்பைக் கொஞ்சம் குறைக்கும். தென்னை இந்த உப்பை ஓரளவு தாங்கும். மஞ்சள் போட மட்டும் நினைக்காதீர்கள்.