பல்லிக்குப் பல் எங்கே? எழுத்தொலிப் பாட்டுகள்: கேள்வி பதில்

பதினெட்டு வருடமாக எல்.கே.ஜி. பிள்ளைகளோடு பாடிக்கொண்டிருக்கிறேன். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தின் ஒலியைப் பாட்டு வழியாகச் சொல்லித் தருவது பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ராகம் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், என் குரல் அப்படி.

மிஸ், என் மகளுக்கு மூன்றரை வயது. அ முதல் ஃ வரை தடுமாறாமல் பாடுகிறாள். 'இ'யைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறாள். எங்கே தப்பு?

தப்பே இல்லை. அவளைப் பொறுத்தவரை அ முதல் ஃ வரை மொத்தமும் ஒரே நீளச் சொல். உங்கள் போன் நம்பரை ஐந்தாவது எண்ணிலிருந்து சொல்லச் சொன்னால் நீங்களும் முழிப்பீர்கள். வரிசையைப் பாடுவது வேறு, ஒரு ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்பது வேறு.

ஒரு வாரத்துக்கு ஒரு எழுத்து, இரண்டே வரி. ப-வுக்கு நான் பாடுவது இது:

பல்லி பல்லி, பல் எங்கே?
பானைக்குள்ளே பார் அங்கே!

நாலு நாள் பாடிய பிறகு, 'பானைக்குள்ளே...' என்று நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் மூடிக் காட்டுங்கள். 'பார்' என்று அவளே வெடிப்பாள். கண்ணாடி முன்னால் நின்று செய்தால் இன்னும் நல்லது. உதடு ஒட்டிப் பிரிந்தால் ப என்று புரிந்த பிறகுதான் எழுத்து அட்டையை எடுக்க வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். 'எங்கே, அங்கே' என்று வரிக்கடைசி ஒன்றுவது இயைபு. அது பாட்டை மனதில் ஒட்டவைக்கும், அவ்வளவுதான். எழுத்தைக் கற்றுத் தருவது பல்லி, பல், பானை, பார் என்று சொல்லின் முதலில் ஒன்றுகிற மோனை. ரைம்ஸ் என்று விற்கிற பலவற்றில் இயைபு மட்டும் இருக்கும், மோனையைத் தேட வேண்டும். அதனால்தான் பிள்ளை நாற்பது பாட்டு பாடும், ஒரு எழுத்து தெரியாது.

எங்கள் வீட்டில் தாத்தா 'ஆனா, ஆவன்னா' என்றுதான் சொல்லித் தருகிறார். மாற்றச் சொல்லலாமா?

தாத்தாவோடு சண்டை வேண்டாம். ஆனால் சிக்கல் உண்மைதான். அ-வின் பெயர் 'ஆனா' என்றால், பிள்ளையின் காதில் விழுவது ஆ. ஒலி பிடிபடும் வரை 'அ, அம்மா', 'ஆ, ஆடு' என்று போகட்டும். பெயர்களைத் தாத்தா ஐந்து வயதில் சொல்லித் தரட்டும், அழகாகவே இருக்கும். 'இக், இங், இம்' என்று மெய்யெழுத்தைச் சொல்லித் தந்தாலும் இதே கதைதான். என் வகுப்பில் ஒரு பையன் 'படம்' என்பதை 'ப, ட, இம்' என்று படித்துவிட்டு, அது என்ன பொருள் என்று என்னையே கேட்டான். ம் என்பதற்கு வாயை மூடி முனகினால் போதும்.

ழ, ள இரண்டுக்கும் மோனைப் பாட்டு எழுதப் பார்த்தேன். சொல்லே கிடைக்கவில்லை!

கிடைக்காது. ழ, ள, ற, ண, ன இவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. 'ள'வுக்கு அட்டையில் என்ன படம் போடுவது என்று எல்லா டீச்சரும் தவிப்பது இதனால்தான். அங்கே மோனையை விட்டுவிட்டு எதுகைக்குப் போங்கள். எதுகை இரண்டாம் எழுத்தில் ஒன்றுவது. இந்த எழுத்துகள் குடியிருப்பதும் அங்கேதான்.

மழை வந்தது, தழை நனைந்தது;
வாழை இலையே குடையானது;
கோழி நுழைந்தது, குழந்தை சிரித்தது.

ள-வுக்கு:

குள்ள வாத்து துள்ளித் துள்ளிப்
பள்ளம் தாண்டிப் போகுது.

ழ-வையும் ள-வையும் ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதமாவது போகட்டும்.

நாலு வயதுப் பையன் 'பளம்' என்கிறான். திருத்தலாமா?

பல ஊர்களில் பெரியவர்கள் பேச்சிலேயே ழ, ள-வாகத்தான் வருகிறது. நாலு வயதில் வராவிட்டால் கவலை வேண்டாம். 'ஆமாம், பழம்' என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு நகருங்கள், திரும்பச் சொல்லச் சொல்லி நிறுத்திவைக்காதீர்கள். வெளியாட்களுக்கு அவன் பேச்சே புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் மட்டும் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

டொரண்டோவில் இருக்கிறோம் அக்கா. பள்ளியில் ஆங்கில ஒலிகளைப் பழகிய மகள், 'ப-வுக்கு எத்தனை சத்தம், ஒன்றா இரண்டா?' என்று கேட்கிறாள்.

கெட்டிக்காரி! 'பம்பரம்' என்று மெல்லச் சொல்லச் சொல்லுங்கள். முதல் ப வல்லென்று வரும், ம்-க்குப் பின்னால் வரும் ப மெதுவாக வரும். 'தந்தம்' என்பதில் த-வும் அப்படித்தான். சொல்லின் முதலிலும், 'அப்பா' மாதிரி இரட்டித்து வரும்போதும் வல்லோசை. மூக்கொலிக்குப் பின்னால் மெல்லோசை. விதியாகச் சொல்லாதீர்கள், அவளுக்கு வேண்டாம். பாட்டு எழுதும்போது நீங்கள் கவனமாக இருந்தால் போதும். க-வுக்கு மகன், தங்கம் எல்லாம் முதல் பாட்டில் வேண்டாம். எங்கள் வகுப்பில் க-வுக்கு:

காக்கா காதில் கம்மல் இல்லை,
காதே இல்லை, கவலை இல்லை!

காக்காவுக்குக் காது உண்டு, இறகுக்குள் மறைந்திருக்கிறது என்று போன வருடம் ஒருத்தி என்னைத் திருத்தினாள். பாட்டை மாற்ற மனம் வரவில்லை.

குறில், நெடில் எப்படி?

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாம் படித்ததை உடம்புக்குக் கொண்டுவந்தால் போதும். குறிலுக்கு ஒரு கைத்தட்டு. நெடிலுக்குத் தட்டிய கையை அப்படியே அகல விரிக்க வேண்டும். பல், பால். கல், கால். படம், பாடம். 'பல்லைக் காட்டு, பாலைக் காட்டு' என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். தப்பாகக் காட்டும்போதுதான் சிரிப்பு, சிரிப்பில்தான் காது கூர்மையாகும். துணைக்கால் போடுவதையும் இந்த விளையாட்டோடு சேர்த்துவிடலாம்: கை விரிந்தால் கால் வரும்.

ந, ன வித்தியாசத்துக்குப் பாட்டு?

வேண்டாம். காதில் அந்த வித்தியாசம் பெரிதாகக் கேட்காது. ந சொல்லின் முதலிலும், த-வுக்கு முன்னாலும் வரும், மற்ற இடங்களில் ன. ஆறு வயதில் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது 247 எழுத்துக்கும் 247 பாட்டா?

ஐயோ! உயிர் 12, மெய் 18, இந்த முப்பதுக்கு இருந்தால் தாராளம். 216 உயிர்மெய்யும் சேர்க்கைதானே.

ங-வுக்கு?

ஆத்திசூடியில் ஔவையாரே ங-வுக்கு வேறு சொல் தேடாமல் 'ஙப் போல் வளை' என்று எழுத்தையே பிடித்துக்கொண்டார். நாம் எந்த மூலை! ஆனால் சொல்லின் நடுவில் ங் ஏராளம்:

மாங்காய் தேங்காய் வாங்கலாம்,
மடியில் வைத்துத் தூங்கலாம்.

இரண்டாம் வரி முடிந்ததும் மொத்த வகுப்பும் தரையில் படுத்துக் குறட்டை விடும். எழுப்ப ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.