தொடக்க கால ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தின் கனஎடைப் பிரிவில் யார் சிறந்தவர்?

என் தேர்வு டென்மார்க்கின் சோரன் மரினஸ் யென்சன். 1906 ஏதென்ஸில் தங்கம், 1908 லண்டனில் வெண்கலம், 1912 ஸ்டாக்ஹோமில் மீண்டும் வெண்கலம் என்று அடுத்தடுத்த மூன்று போட்டிகளிலும் பதக்க மேடையை எட்டியவர் அவர். 1906 ஏதென்ஸ் போட்டியைச் சர்வதேச ஒலிம்பிக் குழு இன்று அதிகாரபூர்வமானதாக ஏற்பதில்லை என்பதால் பல பட்டியல்களில் அந்தத் தங்கம் விடுபட்டுப்போகிறது. அவர் பெயர் அதிகம் பேசப்படாததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

தங்கங்களை மட்டும் எண்ணினால், 1908-இல் ரஷ்யாவின் அலெக்சாந்தர் பெத்ரோவை இரண்டாமிடத்துக்குத் தள்ளித் தங்கம் வென்ற ஹங்கேரியின் ரிச்சார்ட் வைஸும், 1912-இல் வென்ற பின்லாந்தின் யூர்யோ சாரெலாவும் அவருக்கு இணையாக நிற்பார்கள். ஆனால் கனஎடை என்பதற்கான எல்லை அக்காலத்தில் நிலையாக இருக்கவில்லை. 1906-இல் 85 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் இப்பிரிவில் சேர்ந்தார்கள், 1908-இல் அது 93 கிலோவாக உயர்ந்தது, 1912-இல் 82.5 கிலோவாகக் கீழிறங்கியது. 1908-இல் 93 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் மோதி, சக நாட்டவரான வெர்னர் வெக்மனிடம் தங்கத்தை இழந்த அதே சாரெலாதான் நான்கு ஆண்டுகள் கழித்து யென்சனின் பிரிவுக்குள் வந்து தங்கத்தைத் தட்டிச்சென்றார். இரண்டாமிடமும் யோஹான் ஒலின் வழியாகப் பின்லாந்துக்கே போனது. அன்று பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்நாட்டவர் அவ்வெற்றிகளை ஏன் அவ்வளவு போற்றினார்கள் என்பது விளங்கும்.

இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் இடறக் கூடாது என்பதே இந்த மல்யுத்த முறையின் அடிப்படை விதி. கால்களைப் பற்றி இழுத்துச் சாய்க்கும் வழி அடைபட்டுப்போவதால், நூறு கிலோவை நெருங்கும் ஒருவரை வெறும் கைப்பிடியாலும் மார்பு வலுவாலும் தூக்கிப் புரட்டி, இரு தோள்களும் தரையில் படும்படி அழுத்த வேண்டியிருந்தது. இன்றுபோலப் புள்ளிக் கணக்கு வைத்து முடிவு காணும் ஏற்பாடும் இல்லை. ஆகவே எதிராளி அசையாமல் தற்காத்துக்கொண்டால் ஆட்டம் மணிக்கணக்கில் நீளவும் கூடும்.

அது எவ்வளவு நீளக்கூடும் என்பதை ஸ்டாக்ஹோம் போட்டியே காட்டியது. திறந்தவெளி அரங்கில், கோடை வெயிலில், கனஎடைக்கு அடுத்துக் கீழே உள்ள எடைப் பிரிவின் இறுதியில் ஸ்வீடனின் ஆன்டர்ஸ் ஆல்கிரேனும் பின்லாந்தின் ஈவார் பெலிங்கும் ஒன்பது மணி நேரம் மோதியும் ஒருவரும் வீழவில்லை. எதிராளியை வீழ்த்தாதவருக்குத் தங்கம் இல்லை என்று கூறி இருவருக்கும் வெள்ளியைக் கொடுத்து அனுப்பினார்கள். கஞ்சத்தனமான தீர்ப்பு என்றே சொல்வேன். அதே போட்டியின் நடு எடைப் பிரிவில் ரஷ்யாவின் மார்ட்டின் கிளைன், பின்லாந்தின் ஆல்ஃபிரட் ஆசிக்கைனனை வெல்ல 11 மணி 40 நிமிடம் போராடிவிட்டு, களைப்பால் இறுதி ஆட்டத்தில் இறங்கவே முடியாமல் போனார்.

வென்றவரையே அடுத்த ஆட்டத்துக்கு உதவாதவராக ஆக்கிவிடக்கூடிய இப்படிப்பட்ட விதிமுறையின் கீழ், எடை எல்லை மாறி மாறி வந்த புதிய எதிராளிகளைச் சந்தித்தும் ஆறு ஆண்டுகள் முதல் மூவருக்குள் நீடித்தவர் என்பதால்தான், இப்பிரிவில் ஒரே ஒரு பதக்கம் மட்டும் வென்ற வைஸைவிடவும் சாரெலாவைவிடவும் யென்சனை நான் மேலே வைக்கிறேன்.