பழைய புறநகர் வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா, அதையே சரிசெய்து பெரிதாக்கலாமா?

80-களில் கட்டிய தனி வீடு, ஒரு கிரவுண்டு இடம், இரண்டு படுக்கையறை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இடம் போதவில்லை, விற்றுவிட்டு அபார்ட்மென்ட் வாங்குவதா, இருக்கிற வீட்டையே இழுத்துக் கட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் ரொம்ப நாள் ஓடியது. சென்னை குரோம்பேட்டையில் அப்பா 1984-ல் கட்டிய வீடு. கடைசியில் அங்கேயே இருப்பது என்று முடிவு செய்தோம். கீழ்த்தளத்தைச் சரிசெய்து, பின்பக்கம் ஒரு அறை சேர்த்து, மாடியும் கட்டினோம். செய்தது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

வீட்டின் வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாற்பது வருஷ வீடு திடமாக நிற்கும், இருபது வருஷ வீடு உளுத்துப் போயிருக்கும். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கூரைக்குள் இருக்கும் கம்பி எந்த நிலையில் இருக்கிறது? தெரு உங்கள் வீட்டுத் தரைக்கு மேலே ஏறிவிட்டதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிவதற்கு முன்னால் டைல்ஸ் கடைப் பக்கமே போகக் கூடாது.

முதலில் கூரை. அந்தக் காலத்தில் சிமென்ட் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982-ல் பாதி தளர்த்தினார்கள், முழுசாக நீங்கியது 1989-ல்தான். கிடைத்த சிமென்ட்டை வைத்துக் கையால் கலவை போட்டு, சட்டி சட்டியாகத் தூக்கிக் கொட்டி ஒட்டிய கான்கிரீட் அது. பல வீடுகளில் கம்பிக்குக் கீழே போதிய கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், விட்டிருக்க மாட்டார்கள். மேலிருந்து ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் அடியில் இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சீலிங்கில் நேர்கோடாக விரிசல் ஓடினாலோ, பழுப்புக் கறை தெரிந்தாலோ, பாத்ரூமிலும் சன்ஷேடிலும் பூச்சு பெயர்ந்து விழுந்தாலோ காரணம் பெரும்பாலும் இதுதான்.

நாங்கள் கூப்பிட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு சின்னச் சுத்தியலோடு வந்தார். ஏணி போட்டு ஏறி, அறை அறையாக சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். திடமான இடத்தில் கெட்டியான சத்தம், விட்டுப்போன இடத்தில் பொக்கென்று ஒரு சத்தம். பொக்காக இருந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். சமையலறையில் ஒரு வட்டத்தைக் கொத்திப் பார்த்தபோது கம்பி நகத்தால் சுரண்டினாலே தகடு தகடாக உதிர்ந்தது. இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, மிஞ்சிய கம்பியை அளந்து காட்டினார். அங்கே ரிப்பேருக்கு வழியில்லை, அந்தத் தளத்தை இடித்துப் புதிதாக ஒட்டச் சொன்னார். ஹாலில் கொத்திய இடத்தில் கம்பி நீலம் பாய்ந்து அப்படியே இருந்தது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஹாலைத் தொட வேண்டாம்மா, நல்லா கட்டியிருக்காங்க" என்றார். அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தத் தளம் போட்ட அன்று நாள் முழுக்கக் கூடவே நின்று பார்த்தது அவர்தான்.

நடுத்தரமான கேஸ் என்றால் விட்டுப்போன கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, தேவைப்பட்டால் கம்பி சேர்த்து, அதற்கென்று இருக்கிற கலவையால் மூடுவார்கள். கம்பியைத் தொடாமல் மேலே பூச்சு பூசிப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று சொல்லும் கான்ட்ராக்டரை அனுப்பிவிடுங்கள். அடுத்த மழைக்கே மறுபடி பெயர்ந்து விழும்.

மாடி கட்டுவதென்றால் இன்னொன்று. பழைய மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். நாலு அங்குலக் கனத்தில் அது சதுர அடிக்கு 15 கிலோவுக்கு மேல் பாரம். அதை முழுக்க எடுத்துவிட்டுத்தான் மேலே வேலை தொடங்க வேண்டும். புதுச் சுவர் கீழே இருக்கும் 9 அங்குலச் சுவரின் நேர் மேலே உட்கார வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை நம்பி எதையும் ஏற்றக் கூடாது. பழைய சுவர் பாரம் தாங்காது என்று இன்ஜினியர் சொன்னால் வெளியே புது பில்லர் எழுப்பி மாடியை அதன் மேல் நிறுத்தலாம். செலவு கூடும், ஆனால் நடக்கிற காரியம்தான்.

அடுத்தது தெரு. சென்னைப் புறநகரில் நிறையப் பேர் வீட்டை விற்றதற்குக் காரணமே இதுதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, படி ஏறிப் போன வீடுகளெல்லாம் படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவு வந்தது. ஆனால் அதற்கு முன் ஏறிய மட்டம் இறங்காது. 2015 டிசம்பர் மழையில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, எதுவரை வந்தது என்பதை அக்கம்பக்கத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஓதம் ஏறி அடியில் பெயின்ட் உரிந்துகொண்டே இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். எங்கள் அப்பா பேஸ்மட்டத்தை மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்ததால் தெரு ஏறிய பிறகும் வீட்டுத்தரை மேலேதான் இருக்கிறது. நாங்கள் இருந்துவிட்டதற்குப் பெரிய காரணம் அந்த மூன்றடி.

பள்ளமாகிப்போன வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைத் தூக்கியதை நின்று பார்த்திருக்கிறேன். சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சேனலை நுழைத்து, அதன் கீழே வரிசையாக ஜாக்கி வைக்கிறார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருப்புகிறார்கள். போதிய உயரம் வந்ததும் இடைவெளியில் செங்கல் கட்டி, ஜாக்கியை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சுவரும் கூரையும்தான் மேலே போகும், தரை அங்கேயே நின்றுவிடும். பழைய ரெட் ஆக்சைடு தரை, மொசைக் எல்லாம் மண்ணுக்கடியில் போய்விடும். மண் நிரப்பிப் புதுத் தரை, கழிவு பைப், சம்ப் வாய், காம்பவுண்டு என்று செலவு நீண்டுகொண்டே போகும். தூக்குகிறவர் சொல்லும் ரேட்டில் இதெல்லாம் இருக்காது. கூரையும் மோசம், தெருவும் ஏறிவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், இடித்துக் கட்டுங்கள். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கும் வசதி 2024 ஜூலையில் வந்துவிட்டது.

பின்பக்கம் அறை சேர்ப்பதில் கவனிக்க வேண்டியது ஒட்டு. பழைய பகுதி இத்தனை வருஷத்தில் மண்ணில் அமர்ந்து முடிந்திருக்கும், புதுசு இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே விரிசல் விடும். நடுவில் ஜாயின்ட், அதாவது ஒரு சின்ன இடைவெளி, விட்டுக் கட்டச் சொல்லுங்கள். களிமண் பகுதி என்றால் மண் பரிசோதனை இல்லாமல் அஸ்திவாரம் தோண்ட விடாதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். வீடு வாங்கினால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம் போகும் (பில்டரிடம் நேரே வாங்கும் புது அபார்ட்மென்ட் என்றால் விலையைப் பொறுத்து இது குறையலாம்). ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 9 லட்சம். அந்தப் பணத்தில் ஒரு சமையலறையும் இரண்டு பாத்ரூமும் புதிதாகிவிடும். அபார்ட்மென்ட்டில் சொல்கிற சதுர அடி வேறு, சுவருக்குள் நாம் புழங்கும் கார்பெட் ஏரியா வேறு. கூடவே, ஒரு கிரவுண்டு முழுக்கக் கையில் இருப்பதை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவான மனையில் ஒரு துண்டு யுடிஎஸ்-க்கு (பிரிக்கப்படாத நிலப் பங்கு) மாறுகிறீர்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. இருப்பதிலும் ஒரு குறை உண்டு. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடனின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு கிடைக்கும். ரிப்பேர், புதுப்பிப்புக்கு எடுத்த கடன் என்றால் 30,000 ரூபாய்தான். கடன் விண்ணப்பத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

வீடு அப்பா பேரிலேயே இருந்து அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னால் பங்கு விஷயத்தைப் பேசி முடியுங்கள். நாங்கள் அக்காவோடு உட்கார்ந்து பேசி, அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, விடுதலைப் பத்திரம் பதிவு செய்த பிறகுதான் பிளான் போட்டோம். இந்து வாரிசுச் சட்டப்படி பெண்பிள்ளைக்கும் சமபங்கு உண்டு. அதைக் கேட்க வைக்காமல் நாமே எடுத்துக் கொடுப்பதுதான் முறை. பணத்தைக் கொட்டிக் கட்டிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் உறவும் கெடும், வீட்டிலும் நிம்மதி இருக்காது.

வேலை நடக்கும்போது அதே வீட்டில் குடியிருக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். வயசானவர்கள் இருந்தால் வேண்டாம். கான்கிரீட் கொத்தும் தூசி மூச்சுக்கு ஆகாது. அதே தெருவில் வாடகைக்கு ஒரு போர்ஷன் பிடித்தோம். அம்மா தினமும் சாயங்காலம் வந்து மேஸ்திரியிடம் கணக்குக் கேட்பார், பக்கத்து வீட்டு மாமியோடு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். நாற்பது வருஷப் பழக்கத்தை அபார்ட்மென்ட் லிஃப்டில் தேட முடியாது. எங்கள் முடிவில் அதற்கும் பங்கு உண்டு.

அப்புறம், மாடிப்படியை வெளியே வையுங்கள், பின்னால் வாடகைக்கு விடவும் வசதி. பூச்சு பூசுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வயர் போகிறது, எந்த உயரத்தில் பைப் போகிறது என்று தெரியாமல் பிளம்பர் சுவரைக் குடைவது அதோடு நிற்கும்.