இலவச டெலிவரிக்கு ஏன் 50 ரூபாய் விழுகிறது?

வாசகர் கேள்வி: துணிக்கடை ஒன்றின் இணையதளத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் (இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழி) எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. டெலிவரி கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷனில் ஐந்து இஃப் (‘இப்படியிருந்தால்’ என்ற நிபந்தனை) ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. மதிப்புகளைத் தாங்கும் வேரியபிள்களின் பெயர்கள் ஃப்ளாக், ஃப்ளாக்2, டெம்ப், டெம்ப்2, டேட்டா. ‘படிக்கவே முடியவில்லை’ என்று டீம் லீட் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். இதற்கிடையில், இலவச டெலிவரிக்காகக் கடைக்காரர் பூஜ்யம் போட்டுவைத்த ஊர்களுக்கும் 50 ரூபாய் விழுகிறது. எதை முதலில் சரிசெய்வது?

பதில்: 50 ரூபாயைத்தான். வாடிக்கையாளர் பணம் அது. நீங்கள் அனுப்பிய கோடில் சிக்கல் இந்த வரியில் இருக்கிறது:

டெம்ப் = டேட்டா.கட்டணம் || 50;

‘கட்டணம் பதிவாகாவிட்டால் 50’ என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் || (‘அல்லது’ என்ற குறி) பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இடப்பக்க மதிப்பை ட்ரூவாக (‘ஆம்’ என்று) எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும்தான் பார்க்கும். நல் (மதிப்பு இல்லை என்ற குறிப்பு), அன்டிஃபைண்ட் (மதிப்பே வைக்கப்படாதது), ஃபால்ஸ் (‘இல்லை’), காலி ஸ்ட்ரிங் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) ஆகியவற்றோடு பூஜ்யமும் அதன் கணக்கில் ஃபால்ஸ்தான். கடைக்காரர் மனதார எழுதிய 0 அங்கே தள்ளுபடியாகி 50 வந்து உட்கார்ந்துவிடுகிறது. || இருக்கும் இடத்தில் ?? போடுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் 2020ஆம் ஆண்டு தரத்தில் சேர்ந்த குறி இது. இடப்பக்கம் நல் அல்லது அன்டிஃபைண்டாக இருந்தால் மட்டுமே வலப்பக்கத்துக்குப் போகும்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது, அதில் விழுந்துவிடாதீர்கள். கடைக்காரர் கட்டணப் பெட்டியை நிரப்பாமல் விட்டால் ஃபார்மிலிருந்து காலி ஸ்ட்ரிங் வரும். ?? அதையும் ஒரு மதிப்பாகவே ஏற்றுக்கொள்ளும். சரி, நம்பராக மாற்றிவிடலாம் என்றால், காலி ஸ்ட்ரிங்கை நம்பர் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் பூஜ்யம்தான் கிடைக்கும். நிரப்ப மறந்த ஊருக்கெல்லாம் இலவச டெலிவரி! அதனால் ஃபார்மைப் படிக்கும் இடத்திலேயே, காலியாக வந்தால் நல் என்று வைத்துக்கொண்டு, மற்றதை மட்டும் நம்பராக்குங்கள்.

இனி, இத்தனை நாள் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதற்கு வருகிறேன். டெம்ப் என்ற பெயர்தான் காரணம் என்பேன். அதே வரி ‘ஊர்_கட்டணம் = பதிவு.கட்டணம் || 50’ என்று இருந்திருந்தால், படிக்கிறவர் மனதில் உடனே ஒரு கேள்வி எழும்: ஓர் ஊருக்குக் கட்டணம் பூஜ்யமாக இருக்கலாமே? டெம்ப் அந்தக் கேள்வியை எழவிடாது. உங்கள் டீம் லீட் கேட்பது அழகை அல்ல, பிழையைக் கண்ணால் பார்க்கும் வழியைத்தான் கேட்கிறார்.

இங்கே பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். தமிழ் எழுத்தில் வைத்த வேரியபிள் பெயர்களை ஜாவாஸ்கிரிப்ட் தடையில்லாமல் ஏற்கும். அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் வைக்கிறார்கள் என்றால் நீங்களும் அப்படியே வையுங்கள்.

ஆம், இல்லை என்ற பதிலைத் தாங்கும் வேரியபிளுக்குக் கேள்வியாகவே பெயர் வையுங்கள். ஆங்கிலத்தில் இதற்காக முன்னால் ஈஸ், ஹேஸ், கேன் என்று ஒட்டுகிறார்கள். நமக்கு ஓர் ‘ஆ’ போதும்: ஃப்ளாக் என்பது சந்தாதாரரா என்று ஆகிவிடும். எதிர்மறைப் பெயர் மட்டும் வேண்டாம். ‘சந்தா_இல்லாதவரா’ என்று வைத்து, அதன் முன்னால் ‘இல்லை’ என்று புரட்டும் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டால், படிக்கிறவர் இரண்டு முறை தலைகீழாகத் திரும்ப வேண்டும்.

தொகைக்குப் பெயர் வைக்கும்போது அலகையும் சேர்த்துவிடுங்கள். பேமென்ட் கேட்வே பைசாவில் தொகை கேட்கும் இடங்கள் உண்டு. 500 ரூபாய் அங்கே 50000. பில்_ரூபாய், பில்_பைசா என்று இருந்தால் இரண்டையும் கலந்து ஒப்பிடும் தவறு எழுதும்போதே உறுத்தும்.

அடுத்து நிபந்தனை. ‘ஃப்ளாக் && டெம்ப்2 >= 500’ என்று இஃப்புக்குள் இருப்பதை வெளியே எடுத்து அதற்கும் ஒரு பெயர் கொடுங்கள்:

இலவச_டெலிவரி_உண்டா = சந்தாதாரரா && பில்_ரூபாய் >= இலவச_வரம்பு;

500 என்ற எண்ணும் இலவச_வரம்பு ஆகிவிட்டதைக் கவனியுங்கள். ஒரு நிபந்தனைக்கு எவ்வளவு யோசித்தும் பெயர் அமையவில்லை என்றால், பெரும்பாலும் அந்த விதியே உங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று பொருள். கடைக்காரரிடம் போய்க் கேளுங்கள். நான் கேட்கப்போன இடங்களில் பல முறை அவர்களே ஒரு நிமிடம் யோசித்துத்தான் பதில் சொன்னார்கள்.

பெயர்கள் அமைந்துவிட்டால் அந்த ஐந்தடுக்கு இஃப் தானாகவே தட்டையாகும். விலக்குகளை முதலில் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள் (ரிட்டர்ன் விடையைத் தந்து ஃபங்ஷனை அங்கேயே முடித்துவிடும்):

இஃப் (கூடை_காலியா) ரிட்டர்ன் 0;
இஃப் (வெளிநாட்டு_முகவரியா) ரிட்டர்ன் வெளிநாட்டுக்_கட்டணம்;
இஃப் (இலவச_டெலிவரி_உண்டா) ரிட்டர்ன் 0;
ரிட்டர்ன் ஊர்_கட்டணம் ?? பொதுக்_கட்டணம்;

எல்ஸ் (‘இல்லையென்றால்’) ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டு முகவரி இரண்டாவது வரியிலேயே வெளியேறிவிடுவதால் மூன்றாவது வரியில் அதைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினால் வெளிநாட்டுச் சந்தாதாரருக்கும் இலவசமாகப் பார்சல் போகும். இன்னொன்று: கூடை காலியா என்பதை அதன் பொருள்களைத் தாங்கும் அர்ரேயின் (வரிசைப் பட்டியலின்) நீளம் பூஜ்யமா என்று கேட்டே முடிவுசெய்யுங்கள். காலி அர்ரேயை ஜாவாஸ்கிரிப்ட் ட்ரூவாகவே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கோடில் ‘!(ஃப்ளாக் || ஃப்ளாக்2)’ என்றும் ஓர் இடம் இருக்கிறது. அடைப்பை அவிழ்க்கும்போது உள்ளே இருக்கும் || கட்டாயம் && ஆக வேண்டும்: ‘!ஃப்ளாக் && !ஃப்ளாக்2’. ‘இதுவோ அதுவோ இல்லை’ என்றால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்றுதானே பொருள்? குறியை மாற்ற மறப்பது மிகப் பரவலான தவறு. இந்த விதிக்கு டி மார்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் பிறந்தது நம் மதுரையில். கைக்குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்து போய்விட்டார். ஆனாலும் இந்த விதியை எழுதும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வந்து ஒரு மகிழ்ச்சி.

மற்றவை சுருக்கமாக. கேள்விக்குறி, முக்காற்புள்ளி வைத்து எழுதும் ஒருவரி நிபந்தனைக்குள் இன்னொன்றை வைக்காதீர்கள். ஊர்வாரியான கட்டணங்களுக்கு எல்ஸ் இஃப் சங்கிலி வேண்டாம், ஊர்ப் பெயரைக் கொடுத்தால் கட்டணத்தைத் தரும் ஒரு மேப்பில் போட்டுவையுங்கள். ஒப்பிடுவதற்கு எப்போதும் ===; வெறும் == போட்டால் '0' என்ற ஸ்ட்ரிங்கும் ஃபால்ஸும் சமம் என்றாகிவிடும். இதைக் காவல் காக்க, கோடில் தவறுகளைச் சுட்டும் கருவியான இஎஸ்லின்ட்டில் ஒரு விதியே உண்டு, அதைப் போட்டுவிடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சிறு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்: பில் 499, 500, 501, கட்டணம் பூஜ்யம், பதிவாகாதது, காலிப் பெட்டி, சந்தா உண்டு, இல்லை, வெளிநாட்டு முகவரி. இப்போதைய கோட் ஒவ்வொன்றுக்கும் என்ன விடை தருகிறது என்று குறித்துவையுங்கள். மாற்றி முடித்ததும் அதே பட்டியலை மறுபடி ஓட்டுங்கள். கட்டணம் பூஜ்யமாக உள்ள வரிசைகளைத் தவிர வேறு எந்த விடையும் மாறியிருக்கக் கூடாது.

டீம் லீடுக்கு இரண்டையும் சேர்த்து அனுப்பாதீர்கள். || போய் ?? வந்ததையும் ஃபார்ம் திருத்தத்தையும் இன்றே தனியாக அனுப்பிவிடுங்கள்; பத்து வரிகூட வராது. பெயர்களும் இஃப்களும் இந்த வாரக் கடைசிக்குள் அடுத்த தவணையாகப் போகட்டும்.