கழுத்து சிவந்தால் அலர்ஜியா?

கேள்வி: அப்பாவுக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் டிரிப் ஏறும்போது முகமும் கழுத்தும் சிவந்து அரித்தது. அலர்ஜியா சிஸ்டர்?

பதில்: பெரும்பாலும் அலர்ஜி இல்லைம்மா. மருந்து வேகமாக இறங்கினால் உடம்பில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பைத் தரும் ரசாயனம் சுரந்து தோல் சிவந்துவிடும். ஐ.சி.யூ.வில் நான் ஒரு கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், சொட்டு எண்ணித்தான் ஏற்றுவேன். போர்னியோ காட்டு மண்ணிலிருந்த நுண்ணுயிரி தந்த கிளைக்கோபெப்டைடு இது. அதாவது, சர்க்கரை ஒட்டிய, அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. 1958 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பாக்டீரியா சுவர் எழுப்பும் செங்கல்லின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கல்லைச் சேரவிடாது.

மூச்சுத் திணறினாலோ பிரஷர் இறங்கினாலோ விஷயம் வேறு. உடனே நிறுத்த வேண்டும். நடந்ததை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் வெறுமனே 'அலர்ஜி' என்று எழுதிவிட்டால், நாளைக்கு அப்பாவுக்குத் தேவைப்படும்போது இந்த மருந்தைக் கொடுக்கத் தயங்குவார்கள்.